சக்கரம் சிறிதா, பெரிதா?

வளர்ந்தவர்களுக்கான பி.எம்.எக்ஸ். குரூசர் சைக்கிளைத் தேர்ந்தெடுக்கும் முறை

ஒரு சைக்கிளை வாங்கிய பின்னர் அதில் மாற்றிக்கொள்ளத்தக்கவை பல உண்டு. சீட்டை உயர்த்தலாம், தாழ்த்தலாம். ஹேண்டில் பாரை வேறொன்றாக மாற்றலாம். பெடல், செயின், பற்சக்கரம் ஆகியவற்றையும் மாற்றலாம். ஆனால், சக்கரத்தின் அளவை மட்டும் பெரும்பாலும் மாற்ற இயலாது. ஃபிரேமும் முன்பக்க ஃபோர்க்கும் ஒரு குறிப்பிட்ட சக்கர அளவைக் கருதியே உருவாக்கப்படுகின்றன. பிரேக் கட்டைகள் எந்த உயரத்தில் ரிம்மைப் பற்ற வேண்டும் என்பதும் அப்போதே முடிவாகிவிடுகிறது. ஆகவே, நிறமும் பெயரும் விலையும் பார்ப்பதற்கு முன்பாக ஆராய வேண்டியது சக்கரத்தின் அளவையே ஆகும்.

இதனை இப்பகுதியில் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. சிறு வயதில் பி.எம்.எக்ஸ். வண்டியின் மீது ஆசை கொண்டிருந்த தலைமுறை இன்று நாற்பதையும் ஐம்பதையும் கடந்து நிற்கிறது. 'தினமும் சிறிது தூரம் சைக்கிள் மிதியுங்கள்' என்று மருத்துவர் கூறியதும், அவர்களில் சிலருடைய மனம் அந்தப் பழைய தோற்றமுள்ள வண்டியையே நாடுகிறது. அவர்களுக்காகவே பெரிய சக்கரங்களுடன் 'குரூசர்' எனும் வகை விற்பனைக்கு வந்துள்ளது. தோற்றத்தை மட்டும் கண்டு பொருந்தாத அளவை வாங்கியவர் சில நாட்கள் ஓட்டுவார், முழங்கால் வலிக்கும், முதுகு பிடிக்கும். பின்னர் அவ்வண்டி மாடிப்படியின் கீழ் தூசி படிந்து நிற்கும். இழப்பது பணம் மட்டுமன்று. உடல் நலத்திற்காகத் தொடங்கிய ஒரு நல்ல பழக்கமும் அத்துடன் நின்றுவிடுகிறது. அதுவே பெரிய இழப்பு.

பிறந்த கதை

பி.எம்.எக்ஸ். என்பது 'பைசைக்கிள் மோட்டோகிராஸ்' என்பதன் சுருக்கம். மோட்டோகிராஸ் என்பது மேடு பள்ளமான மண் பாதையில் நடத்தப்படும் மோட்டார் சைக்கிள் பந்தயமாகும். அமெரிக்காவின் தென் கலிஃபோர்னியாப் பகுதிச் சிறுவர்கள், அப்பந்தய வீரர்களைப் பார்த்துத் தங்கள் சிறிய சைக்கிள்களில் அதேபோல் ஓட்டத் தொடங்கினர். அதற்கு அவர்களுக்கு வாய்த்த வண்டி, ஷ்வின் நிறுவனம் 1963ஆம் ஆண்டு வெளியிட்ட 'ஸ்டிங்-ரே' ஆகும். அதன் சக்கரம் 20 அங்குலம். சிறுவர்கள் இவ்வாறு ஓட்டும் காட்சி 1971ஆம் ஆண்டு வெளிவந்த 'ஆன் எனி சண்டே' எனும் ஆவணப்படத்தில் இடம் பெற்றபின், இவ்விளையாட்டு அந்நாடெங்கும் பரவியது. 2008ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அது ஒரு போட்டியாகவே சேர்க்கப்பட்டது.

லாங் பீச் நகரில் 1970ஆம் ஆண்டிலேயே இத்தகைய பந்தயங்களை நடத்தத் தொடங்கியவர் ஸ்காட் பிரெய்ட்ஹாப்ட் என்ற பதின்ம வயதுச் சிறுவர். அவரைவிடச் சிறியவர்கள் நிறைந்த களத்தில் அவருக்குக் கிடைத்த பட்டப்பெயர் 'ஓல்டு மேன்', அதாவது கிழவர்! பிற்காலத்தில் அவர் தொடங்கிய நிறுவனம், வளர்ந்தவர்களுக்கென 26 அங்குலச் சக்கரத்துடன் செய்த வண்டிக்கு 'ஓ.எம். ஃபிளையர்' என்று பெயரிட்டது. 'ஓ.எம்.' என்பது அந்தப் பட்டப்பெயரின் முதலெழுத்துகளே. சிறுவர்களின் வண்டி பெரியவர்களின் வண்டியாக வளர்ந்த வரலாறு அந்தப் பெயரிலேயே அடங்கியிருக்கிறது.

பந்தய விதிகளிலும் இப்பிரிவினை உண்டு. காற்றடித்த டயரின் வெளிவிட்டம் 57 சென்டிமீட்டர் வரை இருப்பது வழக்கமான 20 அங்குலப் பிரிவு. அதற்கு மேற்பட்டது குரூசர் பிரிவு. பந்தயக் குரூசர்கள் பெரும்பாலும் 24 அங்குலச் சக்கரம் கொண்டவை. சாலையில் உலா வருவதற்கான குரூசர்களோ 24, 26, 27.5, 29 எனப் பல அளவுகளில் கிடைக்கின்றன.

20 அங்குலம் ஏன் போதாது?

'ஒலிம்பிக் வீரரே 20 அங்குலச் சக்கரத்தில் ஓட்டுகிறார். எனக்கு மட்டும் ஏன் ஆகாது?' என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பந்தயப் பாதையின் நீளம் சுமார் 300 முதல் 400 மீட்டர். ஒரு நிமிடத்திற்குள் ஓட்டம் முடிந்துவிடும். அந்த ஒரு நிமிடம் முழுவதும் வீரர் சீட்டில் அமர்வதே இல்லை; நின்றுகொண்டே மிதிக்கிறார். அவ்வண்டியின் சீட் தாழ்வாக இருப்பதும், ஃபிரேம் குட்டையாக இருப்பதும் அதற்காகவே. அமர்ந்து அரை மணி நேரம் செல்ல விரும்பும் நாற்பது வயது மனிதருக்கு அது ஏற்றதன்று. முழங்கால் அளவுக்கு மீறி மடங்கிய நிலையிலேயே மிதிக்க நேரிடும். முழங்கால் சில்லின் மீது விழும் அழுத்தம் கூடும்.

சிறிய சக்கரத்திற்கென்று சிறப்புகளும் இல்லாமல் இல்லை. அது எடை குறைந்தது, நின்ற இடத்திலிருந்து விரைவாக வேகம் எடுக்கும், எளிதாகத் திரும்பும், தூக்கிக் குதிப்பதற்கு இசைவானது. ஸ்போக்ஸ் கம்பிகள் குட்டையாக இருப்பதால் பக்கவாட்டு அதிர்ச்சியைத் தாங்கும் வலிமையும் மிகுதி. பெரிய சக்கரத்தின் சிறப்புகள் வேறு. அது வேகம் எடுக்கச் சற்றுத் தாமதிக்கும். எடுத்த வேகத்தை எளிதில் விடாது.

பள்ளமும் கல்லும் உள்ள சாலையில் வேறுபாடு தெளிவாகப் புலப்படும். 5 சென்டிமீட்டர் உயரமுள்ள கல் ஒன்று குறுக்கே கிடப்பதாகக் கொள்வோம். 2 அங்குல அகல டயருடன் 20 அங்குலச் சக்கரத்தின் ஆரம் சுமார் 25 சென்டிமீட்டர். கல் அதில் ஐந்தில் ஒரு பங்கு. 29 அங்குலச் சக்கரத்தின் ஆரம் சுமார் 36 சென்டிமீட்டர். அதே கல் அதற்கு ஏழில் ஒரு பங்குதான். சிறிய சக்கரம் முட்டித் தடுமாறும் இடத்தைப் பெரிய சக்கரம் ஏறிக் கடந்து செல்கிறது. அந்த முட்டலின் அதிர்ச்சி மணிக்கட்டையும் முதுகையும் வந்தடைகிறது என்பதை எண்ணிப் பார்த்தால் இவ்வேறுபாட்டின் அருமை விளங்கும்.

ஒரு கிலோ மீட்டர் செல்லச் சக்கரம் எத்தனை முறை சுழல வேண்டும் என்பதையும் கணக்கிடலாம். 2 அங்குல அகல டயர் என்று வைத்துக்கொண்டால், 20 அங்குலச் சக்கரம் சுமார் 630 முறை சுழலும், 24 அங்குலம் சுமார் 525 முறை, 26 அங்குலம் சுமார் 480 முறை, 27.5 அங்குலம் சுமார் 465 முறை. 29 அங்குலம் சுமார் 440 முறை. 20இலிருந்து 24க்கு மாறும்போது வரும் வேறுபாடு மிகப் பெரிது, 27.5இலிருந்து 29க்கு மாறும்போது வருவது சிறிது. எனவே, கடைசி இரண்டு அளவுகளுக்கிடையே மனத்தைக் குழப்பிக்கொள்ளத் தேவையில்லை. உடலுக்கு எது பொருந்துகிறதோ அதுவே போதும்.

எவருக்கு எந்த அளவு?

இங்கே தரப்படும் உயரங்கள் தோராயமானவை. ஒவ்வொரு நிறுவனத்தின் ஃபிரேமும் வேறுபடுவதால், ஓட்டிப் பார்ப்பதற்கு மாற்று எதுவும் இல்லை.

24 அங்குலம்: சுமார் 5 அடி 2 அங்குலம் முதல் 5 அடி 6 அங்குலம் வரை உயரமுள்ளவர்களுக்கும், உயரம் மிகுந்திருந்தாலும் மண் பாதையில் விளையாட்டாக ஓட்ட விரும்புகிறவர்களுக்கும் ஏற்றது. தந்தையும் வளரும் மகனும் ஒரே வண்டியைப் பகிர்ந்துகொள்ளும் வீடுகளுக்கும் இது பொருந்தும். நெடுந்தூரத்திற்கு ஏற்றதன்று.

26 அங்குலம்: சுமார் 5 அடி 4 அங்குலம் முதல் 5 அடி 10 அங்குலம் வரை. விளையாட்டுக்கும் பயணத்திற்கும் இடைப்பட்டது. மலைச் சைக்கிள்களில் நெடுங்காலம் இவ்வளவே வழக்கில் இருந்ததால், இதற்கான டயரும் டியூபும் எளிதாகக் கிடைக்கும். முடிவு செய்ய இயலாமல் தவிப்பவர் இதனை எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் வருந்த நேராது.

27.5 அங்குலம்: சுமார் 5 அடி 6 அங்குலம் முதல் 6 அடி வரை. 26க்கும் 29க்கும் நடுவே நிற்பது.

29 அங்குலம்: சுமார் 5 அடி 8 அங்குலத்திற்கு மேற்பட்டவர்களுக்கு. நேரான சாலையில் நெடுந்தூரம் அமைதியாக மிதித்துச் செல்ல இதைவிட நல்லது இல்லை. ஆனால் வண்டி நீளமானது. மாடிக்குத் தூக்கிச் செல்ல வேண்டியவரும், குறுகிய நடைக்கூடத்தில் நிறுத்த வேண்டியவரும் இதனை முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும்.

கடையிலேயே செய்ய வேண்டிய நான்கு சோதனைகள்

முதலாவதாக, வழக்கமாக அணியும் காலணியுடன் வண்டியின் குறுக்குக் கம்பியின் இரு புறமும் கால் வைத்து நில்லுங்கள். கம்பிக்கும் உடலுக்கும் இடையே குறைந்தது 2 அங்குல இடைவெளி வேண்டும். திடீரென இறங்க நேரும்போது உங்களைக் காப்பது அந்த இடைவெளிதான்.

இரண்டாவதாக, ஒருவரை வண்டியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிச் சீட்டில் அமருங்கள். பெடலை அடிமட்டத்திற்குக் கொண்டுவந்து அதன் மீது குதிகாலை வையுங்கள். கால் ஏறத்தாழ நேராக நீள வேண்டும். அப்போதுதான் முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் இலேசாக மட்டும் மடங்கும். இவ்வகை வண்டிகளில் சீட் தாழ்வாகவே வருவதால், பலருக்கு நீளமான சீட் குழாய் தேவைப்படும். அக்குழாயில் ஓர் எல்லைக்கோடு பொறிக்கப்பட்டிருக்கும். அந்தக் கோடு வெளியே தெரியுமளவுக்கு உயர்த்தினால் குழாய் வளையவோ முறியவோ கூடும். கோட்டிற்குள்ளேயே உங்களுக்குத் தேவையான உயரம் கிடைக்காவிட்டால், அவ்வண்டி அமர்ந்து ஓட்ட உங்களுக்குச் சிறியது என்று பொருள்.

மூன்றாவதாக, ஹேண்டில் பாரை முழுமையாகத் திருப்பிப் பாருங்கள். அது முழங்காலில் இடித்தால் வண்டி குட்டை.

நான்காவதாக, பெடலை முன்னோக்கி நிறுத்தி, அதன் மீது பாதத்தை வைத்துக்கொண்டு முன்சக்கரத்தைத் திருப்புங்கள். கால் விரல் முனை டயரில் உரசுகிறதா என்று கவனியுங்கள். குட்டையானவர் 29 அங்குல வண்டியை எடுக்கும்போது இக்குறை நேர வாய்ப்புண்டு. வேகமாகச் செல்கையில் இது தெரியாது. மெதுவாகத் திரும்பும்போதுதான் உரசி, ஓட்டுபவரைக் கீழே தள்ளிவிடும்.

டயரில் உள்ள எண்ணைப் படியுங்கள்

சக்கர அளவைப் பொறுத்தவரை, நம்மை ஏமாற்றுவது பெரும்பாலும் அங்குலக் கணக்குதான். '26 அங்குலம்' என்று ஒரே பெயரில் வழங்கும் டயர்கள் அனைத்தும் ஒன்றல்ல. 26 x 2.0 என்று புள்ளியிட்டு எழுதப்பட்ட டயர் அமரும் ரிம்மின் விட்டம் 559 மில்லி மீட்டர். 26 x 1⅜ என்று பின்னமாக எழுதப்பட்ட டயருக்கான ரிம்மோ பொதுவாக 590 மில்லி மீட்டர். இரண்டுக்கும் இடையே 31 மில்லி மீட்டர் வேறுபாடு. ஒன்றின் டயர் மற்றொன்றில் ஒருபோதும் பொருந்தாது. 20 அங்குலத்திலும் 406, 451 என இருவகை ரிம்கள் உண்டு. 24 அங்குலத்திலும் பி.எம்.எக்ஸ். குரூசருக்குரியது 507, சக்கர நாற்காலிகளில் காணப்படும் 24 x 1⅜ அளவோ 540.

இக்குழப்பத்தைத் தீர்க்கவே டயரின் பக்கவாட்டில் மில்லி மீட்டர் கணக்கும் அச்சிடப்படுகிறது. எடுத்துக்காட்டாக, 54-559 என்றிருந்தால், 54 என்பது டயரின் அகலம். 559 என்பது ரிம்மில் டயர் அமரும் இடத்தின் விட்டம். 24 அங்குலத்திற்கு 507, 27.5 அங்குலத்திற்கு 584, 29 அங்குலத்திற்கு 622 என்பவற்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். டயர் வாங்கச் செல்லும்போது '26 அங்குல டயர் கொடுங்கள்' என்று கேட்பதைவிட, '559' என்று கேட்பது வீண் அலைச்சலைத் தவிர்க்கும்.

இதில் ஒரு வியப்பும் உண்டு. நம் நாட்டின் பழைய கறுப்பு நிறப் பெரிய சைக்கிளை அறியாத வீடு இருக்க முடியாது. அதன் டயர் 28 x 1½. ரிம்மின் விட்டம் 635 மில்லி மீட்டர். புதுமையாகப் பேசப்படும் 29 அங்குலச் சக்கரத்தின் ரிம்மோ 622 மில்லி மீட்டர்தான்! டயர் தடிமனாக இருப்பதால்தான் அது 29 ஆகிறது. வெளிவிட்டத்தில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்கு மேற்படாது. நம் பாட்டனார் மூட்டையை ஏற்றிக்கொண்டு மண் சாலையில் சென்ற வண்டியின் சக்கரமும், இன்று 29 எனப் பெருமையுடன் விற்கப்படும் சக்கரமும் உயரத்தில் ஏறத்தாழ ஒன்றே. அந்த வண்டியை இலகுவாக ஓட்டியவர் 29 அங்குலத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. எட்டாத காலால் அதனை ஓட்டி அவதியுற்றவர், 29ஐ எடுக்குமுன் இருமுறை யோசிப்பது நல்லது.

பற்சக்கரமும் பிரேக்கும்

குரூசர் வண்டிகள் பெரும்பாலும் ஒரே கியர் கொண்டவை. எனவே, பற்களின் எண்ணிக்கை சக்கரத்திற்குப் பொருந்தியிருக்க வேண்டும். முன்னே 44 பற்கள், பின்னே 16 பற்கள் உள்ள 20 அங்குல வண்டி, பெடலை ஒரு சுற்று மிதித்தால் சுமார் 4.4 மீட்டர் செல்லும். அதே பற்களை 29 அங்குல வண்டியில் மாட்டினால் ஒரு சுற்றுக்கு 6.2 மீட்டருக்கு மேல் செல்லும். கேட்பதற்கு நன்றாக இருக்கலாம்; மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கும். முன்பக்கத்தில் 33 பற்கள் என்று குறைத்தால் சுமார் 4.7 மீட்டர் ஆகிவிடும். நிமிடத்திற்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஏறத்தாழ 17 கிலோ மீட்டர் வேகம் கிடைக்கும். உடற்பயிற்சிக்காக ஓட்டுபவருக்கு இது போதுமானது.

பந்தய பி.எம்.எக்ஸ். வண்டிகளில் பின்பக்க பிரேக் மட்டுமே இருப்பது வழக்கம். சாலையில் செல்பவருக்கு அது போதாது. பிரேக் பிடிக்கும்போது உடலின் பாரம் முன்னோக்கிச் சாய்வதால், வண்டியை நிறுத்தும் ஆற்றலில் பெரும்பகுதி முன்சக்கரத்திலிருந்தே கிடைக்கிறது. இரு பிரேக்குகளும் உள்ள வண்டியையே கேட்டு வாங்குங்கள். உடல் எடை மிகுந்தவர், சக்கரத்திற்கு 36 ஸ்போக்ஸ் உள்ளதா என்பதையும் எண்ணிப் பார்ப்பது நலம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இவ்வண்டிகளில் பெரும்பாலும் செயின் கவர் இருப்பதில்லை. கைலியோ வேட்டியோ புர்காவோ அணிந்து ஏறினால் துணி செயினில் சிக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. வீட்டுப் பெண்களும் ஓட்டுவதாயின், குறுக்குக் கம்பி தாழ்ந்துள்ள வண்டியைத் தேர்ந்து, செயினுக்கும் பின்சக்கரத்திற்கும் மறைப்பு பொருத்திய பின்னரே சாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். மறைப்பு பொருத்த இயலாத வண்டியென்றால், அது அந்த வீட்டுக்கு ஏற்ற வண்டியன்று.

முடிவு செய்யும் வரிசை

முதலில் பாதையை எண்ணுங்கள்: தினமும் எந்தச் சாலையில், எவ்வளவு தூரம் செல்லப் போகிறீர்கள்? அடுத்து உடலை எண்ணுங்கள்: கால் எட்டுகிறதா, முழங்கால் இடிக்கிறதா? மூன்றாவதாக இடத்தை எண்ணுங்கள்: வண்டியை எங்கே நிறுத்துவீர்கள், யார் தூக்குவார்கள்? நான்காவதாக, அந்த அளவுக்கான டயரும் டியூபும் உங்கள் ஊரில் கிடைக்கின்றனவா என்று விசாரியுங்கள். இந்நான்கிற்கும் விடை கண்ட பின்னர் நிறத்தையும் பெயரையும் உங்கள் விருப்பப்படி தேர்ந்துகொள்ளலாம்.

இந்த வரிசையைத் தலைகீழாக்கி, நிறத்தில் தொடங்குபவர்களின் வண்டிகளே மாடிப்படியின் கீழ் நிற்கின்றன. ஆறு மாதம் கழித்தும் காலையில் உங்களை வெளியே அழைத்துச் செல்லும் வண்டி எதுவோ, அதன் சக்கரமே உங்களுக்குச் சரியான அளவு.